குடு மான் வேட்டைக்குக் கிளம்புமுன்: துப்பாக்கியிலும் தோட்டாவிலும் செய்யும் தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பெண் எடுத்ததால் எனக்கு வேட்டையும் சீதனமாக வந்தது. திருநெல்வேலிப் பக்கம் பிறந்தவன். துப்பாக்கியை பேங்க் வாசல் காவலாளி தோளில் பார்த்ததோடு சரி. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை முடிந்துபோன கதை. இங்கே அது லைசென்ஸ் எடுத்து, பண்ணைக்காரருக்குப் பணம் கட்டி, முறையாக நடக்கும் காரியம். குளிர்காலம் வந்தால் வடக்கே ஜூலூலாந்துக் காட்டுக்கு வண்டியைக் கிளப்பும் தமிழர்கள், டர்பனில் நம்மவர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இருக்கிறார்கள். சீசன் பெரும்பாலும் புரட்டாசி விரதத்துக்கு முன்பே முடிந்துவிடும். அதில் வீட்டுப் பெண்களுக்கும் நிம்மதி.

என் மாமனார் முப்பது வருடமாக வேட்டைக்குப் போகிறவர். அவரிடம் திட்டு வாங்கிக் கற்றதுதான் இதில் பாதி.

முதல் தவறு என்னுடையதே. குடு, இம்பாலா என்று மான்கள் அடிக்கப் போகிறவன், ".375 எச் அண்ட் எச்" தோட்டா போடும் பெரிய துப்பாக்கி வாங்கப் போகிறேன் என்று நின்றேன். 1912-இல் வந்த அருமையான தோட்டா அது. 300 கிரெய்ன் குண்டு, அதாவது ஏறக்குறைய 19 கிராம். காட்டெருமை, யானை என்றால் ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் இதற்குக் கீழே பேச்சே கிடையாது. ஆனால் மான் வேட்டைக்குப் பலரும் வைத்திருக்கும் 30-06 தோட்டா உதைப்பதைப் போல இரண்டு மடங்கு உதைக்கும். மாமா ஒன்றும் சொல்லவில்லை. நண்பர் ஒருவரின் .375-ஐ இரவல் வாங்கி, சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குக் கூட்டிப் போனார். நாலு தோட்டா சுட்டேன். ஐந்தாவதை அவரே போட்டு, போல்ட்டை (தோட்டாவை உள்ளே அடைக்கும் தாழ்ப்பாள்) பூட்டி என் கையில் கொடுத்தார். விசையை இழுத்தேன். "டிக்" என்றது, வெடிக்கவில்லை. குழலின் முனை மட்டும் ஒரு சாண் கீழே குத்தி எழுந்தது. அவர் போட்டது வெடிமருந்தில்லாத வெற்றுத் தோட்டா.

"பாத்தியா மாப்ள, துப்பாக்கி உதைக்கவே இல்ல. நீதான் குனியிற" என்றார்.

உதைக்குப் பயந்து உடம்பு முன்கூட்டியே சுருங்குவதை நாமே உணர மாட்டோம். வெற்றுத் தோட்டாவைக் கலந்து சுட்டால்தான் குட்டு வெளிப்படும். புதிதாக யார் வந்து எந்தக் காலிபர் (துப்பாக்கி, தோட்டாவின் அளவு) என்று கேட்டாலும் நான் முதலில் இதைச் செய்து பார்க்கத்தான் சொல்வேன். பயப்படாமல் சுட முடிந்த 308 தோட்டா, பயந்து சுடும் பலத்த மேக்னம் தோட்டாவைவிட எவ்வளவோ மேல்.

இதைச் சொன்னால் உடனே எதிர்ப்பக்கம் சாய்கிறவர்கள் உண்டு. "அந்தக் காலத்து யானை வேட்டைக்காரர் கரமோஜோ பெல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டாரே, அதில் பெரும்பாலானவை 7×57 மௌசர் என்ற சின்னத் தோட்டாவில்தானே" என்பார்கள். உண்மைதான். ஆனால் அவர் யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை இருக்கும் இடத்தைப் படித்தவர். தந்தமே தொழிலாக வாழ்ந்தவர். வருடத்துக்கு இரண்டு சனிக்கிழமை காட்டுக்குப் போகும் நமக்கு அவர் கணக்கு ஆகாது. மற்றபடி 7×57 மான் வகைகளுக்கு இன்றும் தங்கமான தோட்டா. 1899-1902-இல் பிரிட்டிஷாரோடு நடந்த போரில் போயர்கள் (இங்கே குடியேறிய டச்சு வம்சாவளியினர்) கையில் இருந்ததும் இதுதான். இது பட்டு விழுந்த பிரிட்டிஷ் சிப்பாய்களை ஸ்ட்ரெச்சரில் சுமந்த காந்தியின் ஆம்புலன்ஸ் படையில், கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் ஆட்களும் இருந்தார்கள். அந்தத் தோட்டாவைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வரும்.

காலிபரைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடிவிட்டு, அதன் முனையில் இருக்கும் குண்டைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் வருவது அடுத்த தவறு. மிருகத்தைத் தொடுவது குண்டு மட்டும்தானே. மெல்லிய உறை போட்ட வேகமான குண்டு இம்பாலாவுக்குச் சரி. அதே குண்டை நாற்பது மீட்டரில் நின்று நீல வில்டபீஸ்ட்டின் தோள் எலும்பில் அடித்தால், மேலேயே சிதறித் தூளாகிவிடும், உள்ளே போகாது. 250 கிலோ மிருகம் அது. 'ஏழையின் காட்டெருமை' என்று சும்மா பெயர் வைக்கவில்லை. காயத்தோடு கிலோமீட்டர் கணக்கில் ஓடும். ஒரு சொட்டு ரத்தம் விழுந்தாலும் மிருகம் உங்கள் கணக்கில் என்பதுதான் பண்ணை வழக்கம், கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். காட்டெருமைக்கு நேர்மாறான தவறு நடக்கும்: விரியாத கெட்டிக் குண்டைக் கூட்டத்தில் விட்டால் ஒன்றைத் துளைத்துப் பின்னால் நிற்பதிலும் பாயும்.

ஜூலூலாந்து முட்புதரில் நூறு மீட்டருக்குள்தான் சுடுவீர்கள். "கனமான குண்டு புதரைக் கிழித்துக்கொண்டு போகும்" என்பதை நம்பாதீர்கள். எந்தக் குண்டும் குச்சியில் பட்டால் திசை மாறும். இடைவெளிக்குக் காத்திருக்க வேண்டும். இன்னொன்று, இங்குள்ள மான்களுக்கு இதயம் நாம் நினைப்பதைவிடத் தாழ்வாகவும் முன்னாலும் இருக்கும். பக்கவாட்டில் நின்றால் முன்னங்காலின் நடுக்கோட்டிலேயே மேலே ஏறி, உடம்பின் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறியை நிறுத்துங்கள்.

இனி தோட்டாவை வீட்டிலேயே நிரப்பும் விஷயம். கடைத் தோட்டாவைவிட மலிவு என்று சொல்லித்தான் எல்லாரும் ஆரம்பிக்கிறார்கள். கருவிகள் வாங்கிய பில்லை யாரும் மனைவியிடம் காட்டுவதில்லை. நண்பர் கொடுத்த அளவை அப்படியே போடுவதுதான் இதில் நான் அதிகம் பார்த்த தவறு. அவர் துப்பாக்கிக்குப் பொருந்தியது உங்களுடையதில் அழுத்தம் மீறலாம். மருந்து தயாரித்தவரின் அட்டவணையில் உள்ள ஆரம்ப அளவில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற வேண்டும். ஈயக் குண்டின் அளவைச் செம்புக் குண்டுக்குப் போடவே கூடாது. செம்பு லேசானது என்பதால் அதே எடைக்குக் குண்டு நீளமாக இருக்கும், தோட்டாவின் பித்தளைக் கூட்டுக்குள் ஆழமாக இறங்கும், மருந்துக்கு இடம் குறையும், அழுத்தம் ஏறும். அந்த நீளத்தை உங்கள் குழலின் முறுக்கு (குண்டைச் சுழலவைக்க உள்ளே வெட்டிய பள்ளம்) போதிய அளவு சுழற்றுமா என்றும் பாருங்கள். தாளில் வட்டத் துளைக்குப் பதில் சாவித் துவாரம் போல விழுந்தால், குண்டு புரண்டுகொண்டு போகிறது.

மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். தராசு கிரெய்னில் நிற்கிறதா கிராமிலா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஒரு கிராம் என்பது 15.43 கிரெய்ன். மருந்தை அழுத்தித் திணிப்பதும் வினைதான். 1956-இல் வந்த .458 வின்செஸ்டர் மேக்னத்தின் பழைய தோட்டாக்களில் திணித்த மருந்து கட்டிதட்டி, வேகம் விழுந்து, காட்டெருமைக்கு முன்னால் நின்றவர்களைக் கைவிட்டது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2000-ஆம் ஆண்டு துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, உங்கள் லைசென்ஸில் உள்ள துப்பாக்கிக்கான தோட்டா மட்டுமே உங்களிடம் இருக்கலாம். பதிவு பெற்ற முழு வேட்டைக்காரர் அல்லாத சாதாரண ஆளுக்கு ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாதான். மச்சானுக்கும் சேர்த்து நிரப்பி வைப்பது பாசம் அல்ல, குற்றம்.

வெயிலை மறந்தது மாமாவின் தவறு, அவரே ஒத்துக்கொள்வார். ஜூலை மாதம் டர்பனுக்கு உள்ளே மேட்டுப் பகுதியில் இருக்கும் ஹோவிக் ஊரின் குளிரில் சுட்டுப் பார்த்து உச்ச அளவில் நிரப்பிய தோட்டாக்கள் அவை. அவற்றை வடக்கே லிம்போபோ மாகாணத்து வெயிலில் 'பாக்கி'யின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டார் (பிக்கப் வண்டிக்கு இங்கே அதுதான் பெயர், கடன்பாக்கி அல்ல). சூடான மருந்து அழுத்தத்தைக் கூட்டும். முதல் குண்டு மானை வீழ்த்தியது, ஆனால் போல்ட் திறக்கவில்லை. உள்ளங்கையால் அடித்துத்தான் திறந்தார். கூட்டின் அடியில் பளபளவென்று பிறை போல ஒரு தடம், பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) சப்பையாக நசுங்கியிருந்தது. மீதியை அங்கே சுடவில்லை. வீடு திரும்பியதும் குண்டு கழற்றும் சுத்தியலை எடுத்து, பின்கட்டு சிமெண்ட் படியில் உட்கார்ந்து, முப்பத்தெட்டுத் தோட்டாவையும் டொக் டொக்கென்று தட்டிப் பிரித்தார்.

"என்ன, பிள்ளையாருக்குச் சிதறு தேங்காயா?" என்று மாமி உள்ளிருந்து கேட்டார். மாமா பதில் சொல்லவில்லை.