ஹியரா, லிசனா? காதில் விழுவதும் காது கொடுப்பதும்

தொலைபேசி வழி நேர்காணல் ஒன்றில் குரல் விட்டுவிட்டு வந்தபோது, ‘ஆர் யூ லிசனிங் டு மீ?’ என்று கேட்டுவிட்டேன். ‘நான் பேசுவது கேட்கிறதா?’ என்பதுதான் என் எண்ணம். எதிர்முனையில் இருந்தவருக்கோ ‘நான் சொல்வதைக் கவனிக்கிறீர்களா, இல்லையா?’ என்று அதட்டியதுபோல் ஆகிவிட்டது. ‘கேன் யூ ஹியர் மீ?’ என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

சத்தம் கேட்கிறது, பாட்டுக் கேட்கிறோம், வழி கேட்கிறோம், பெரியவர் பேச்சைக் கேட்கிறோம். இத்தனைக்கும் நமக்கு ஒரே வினை போதும். ஆங்கிலத்திலோ ஹியர், லிசன் என்று இரண்டு. குழப்பத்தின் வேர் அங்கே இருக்கிறது. அதைத் தீர்க்கும் வழியும் தமிழிலேயே இருக்கிறது.

படி 1: சொல்ல வந்ததில் ‘காதில் விழுந்தது’ பொருந்துகிறதா, ‘காது கொடுத்தேன்’ பொருந்துகிறதா என்று பாருங்கள். முன்னது ஹியர், பின்னது லிசன்.

மாலை ஆறு மணிக்கு மாம்பலம் ரயில் நிலையத்தில் நின்று பாருங்கள். ரங்கநாதன் தெருக் கூச்சல், எதிர்த் திசை வண்டியின் ஹாரன், யாரோ ஒருவரின் கைபேசிப் பாட்டு எல்லாம் நாம் காது கொடுக்காமலே வந்து காதில் விழுகின்றன. தாம்பரம் வண்டிக்கான அறிவிப்பு தொடங்கியதும் பக்கத்தில் பேசுபவரைக் கையமர்த்திவிட்டுத் தலையைச் சாய்க்கிறீர்களே, அது லிசன். அப்படியும் அறிவிப்பு காதில் விழவில்லையா? ‘ஐ லிசன்ட், பட் ஐ குடன்ட் ஹியர் எனிதிங்.’ இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இரண்டு சொற்களும் அதில் தத்தம் இடத்தில் நிற்கின்றன.

படி 2: எதற்குக் காது கொடுக்கிறோம்? பாட்டுக்கு. அந்த ‘க்கு’தான் ஆங்கிலத்தில் ‘டு’. ஆகவே ‘லிசன் டு மியூசிக்’; ‘லிசன் மியூசிக்’ தவறு. ஹியருக்கு இந்த ‘டு’ வேண்டாம்.

படி 3: இப்போது காதில் விழுவதைச் சொல்ல ‘ஐ ஆம் ஹியரிங்’ வேண்டாம். ‘ஐ கேன் ஹியர்’ என்பதே இயல்பு. ‘ஐ ஆம் லிசனிங்’ என்று தாராளமாகச் சொல்லலாம்.

படி 4: ‘கேள்விப்பட்டேன்’ என்றால் ‘ஐ ஹெர்ட்’. ‘பையன் என் பேச்சைக் கேட்பதில்லை’ என்றால் ‘ஹி டஸ்ன்ட் லிசன் டு மீ’. இங்கே ஹியர் போட்டால் பையனுக்குக் காது மந்தம் என்று பொருள் மாறிவிடும்.

இனி, எல்லை கலையும் இடம். மார்கழியில் மியூசிக் அகாடமியில் இரண்டரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து கச்சேரி கேட்டவரும் ‘ஐ ஹெர்ட் ஹர் சிங்’ என்று சொல்லலாம். கவனம் இல்லாமலா கேட்டார்? முடிந்த நிகழ்ச்சியை முழுதாகச் சொல்லும்போது ஆங்கிலம் ஹியரை ஏற்றுக்கொள்கிறது. பாடிக்கொண்டிருக்கும்போது கேட்பதைச் சொல்ல லிசன்தான் பொருத்தம். உயர் நீதிமன்றத்தில் நீதிபதி வழக்கைக் கவனமாகவே விசாரிக்கிறார். ஆனாலும் அதற்குப் பெயர் ‘ஹியரிங்’. இவை மரபாக நிலைத்துவிட்டவை, அப்படியே பழகிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, தேர்வுகள் இரண்டு. காது மருத்துவரிடம் செய்துகொள்வது ‘ஹியரிங் டெஸ்ட்’. ஒலி காதில் விழுகிறதா என்று பார்ப்பார்கள். வெளிநாட்டில் படிக்க எழுதும் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் இருப்பது ‘லிசனிங் டெஸ்ட்’. 40 கேள்விகள், ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஓடும்.