பென்டிரைவ், ஹார்ட் டிஸ்க்க கழட்டுறதுக்கு முன்னாடி

காப்பி ஆகுற பச்சை பட்டை முழுசா ஓடி மறைஞ்சதும் வேலை முடிஞ்சுதுன்னு பென்டிரைவ உருவிடுறோம் இல்லையா, அங்கதான் சிக்கலே. நிறைய நேரம் கம்ப்யூட்டர் ஃபைல முதல்ல ரேம்ல, அதாவது அதோட தற்காலிக நினைவகத்துல, வாங்கி வச்சுக்கிட்டு, பென்டிரைவ்ல மெதுவாத்தான் எழுதும், நமக்கு திரையில முடிஞ்ச மாதிரி தெரியும் ஆனா பின்னாடி இன்னும் எழுதிக்கிட்டே இருக்கும்.

அக்கா பொண்ணு காதுகுத்து போட்டோவெல்லாம் பிரிண்ட் போட இப்படித்தான் அவசரமா உருவிட்டு ஸ்டுடியோவுக்கு ஓடினேன். அங்க போய் பாத்தா ஃபைல் பேரு எல்லாம் இருக்கு, சைஸ் கூட சரியா காட்டுது, ஆனா கடைசியா ஏத்துன போட்டோவ திறந்தா மேல பாதி குழந்தை முகம், கீழ பாதி வெறும் சாம்பல் கலர். வீட்ல ஒரிஜினல் இருந்ததால தப்பிச்சோம், கட் பேஸ்ட் பண்ணியிருந்தா போனது போனதுதான்.

விண்டோஸ்ல டாஸ்க்பார் வலது ஓரத்துல மேல பாத்த மாதிரி சின்ன அம்பு இருக்கும், அத தட்டினா யூஎஸ்பி படம் வரும், அதுல எஜெக்ட் குடுங்க. படம் காணோம்னா திஸ் பிசில அந்த டிரைவ் மேல ரைட் கிளிக் பண்ணி எஜெக்ட். சேஃப் டு ரிமூவ்னு வந்தப்புறம் எடுங்க. 2018ல வந்த 1809 அப்டேட்ல இருந்து விண்டோஸ் 10ல குயிக் ரிமூவல்தான் டிஃபால்ட், அதாவது எழுத வேண்டியத தேக்கி வைக்காது, அதனால எஜெக்ட் தேவையில்லன்னு சொல்றவங்க இருக்காங்க, ஆனா பின்னாடி ஏதோ ஒரு புரோகிராம் எழுதிக்கிட்டு இருந்தா அந்த செட்டிங் காப்பாத்தாது. நான் எஜெக்ட் பண்ணாம எடுக்கறதே இல்ல.

"டிவைஸ் யூஸ்ல இருக்கு"ன்னு அடம் புடிச்சா அதுல இருக்கிற வீடியோ, வேர்டு ஃபைல், ஃபோல்டர் விண்டோ எல்லாத்தையும் மூடுங்க, ஆன்டிவைரஸ் ஸ்கேன் ஓடுதான்னும் பாருங்க. அப்பவும் விடலன்னா ஈவென்ட் வியூவர், அதாவது கம்ப்யூட்டர்ல நடக்கறத விண்டோஸ் பதிஞ்சு வைக்கிறத காட்டுற புரோகிராம், அத திறந்து விண்டோஸ் லாக்ஸ், அதுக்குள்ள சிஸ்டம் போங்க, 225ங்கிற நம்பர்ல ஒரு வார்னிங் இருந்தா அதுல எந்த புரோகிராம் புடிச்சுக்கிட்டு இருக்குன்னு பேரோட இருக்கும், எனக்கு ரொம்ப தடவ உதவுனது இதுதான். அதுவும் தெரியலன்னா ஷட்டவுன் பண்ணிட்டு கழட்டுங்க.

மேக்ல ஃபைண்டர்ல டிரைவ் பேரு பக்கத்துல இருக்கிற எஜெக்ட் அம்பு போதும். லினக்ஸ்ல பட்டை டக்குனு முடிஞ்சிடும், எஜெக்ட் குடுத்தா ரொம்ப நேரம் சுத்திக்கிட்டே இருக்கும், ஹேங் ஆயிடுச்சுன்னு புடுங்கிடாதீங்க, மிச்சத்த அப்பதான் எழுதுது.

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குக்கு இன்னும் கவனம் வேணும், உள்ள தட்டு சுத்திக்கிட்டு இருக்கும். எஜெக்ட் பண்ணி கேபிள கழட்டிட்டு மேல கைய வச்சு பாருங்க, அதிர்வு அடங்குற வரைக்கும் அசைக்காதீங்க, பத்து செகண்ட் கூட ஆகாது.

ஏற்கனவே புடுங்கிட்டீங்க, திரும்ப சொருகினா "ஃபார்மேட் பண்ணவா"ன்னு கேக்குதா? கேன்சல் குடுங்க. அதுல புதுசா எதையும் ஏத்தாதீங்க, முதல்ல ரெக்கவரி சாஃப்ட்வேர் வச்சு உள்ள இருக்கறத வேற டிரைவுக்கு எடுத்துட்டு அப்புறமா ஃபார்மேட் பண்ணிக்கலாம்.