சட்டம் எழுதும் மேசையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் சில ஆண்டுகள் வழக்காடிவிட்டு, சென்னைக் கோட்டையில் சட்டமுன்வடிவு எழுதும் பணிக்குச் செல்ல விரும்பும் இளைய வழக்கறிஞர்கள் பிரிவுகளை நன்கு அறிந்தே வருகிறார்கள். ஆனால், ஒரு சொல்லை எல்லோரும் ஒரே பொருளில்தான் படிப்பார்கள் என்ற நம்பிக்கை அவர்களைக் கவிழ்த்துவிடுகிறது.

பொருள் வரையறையிலேயே இது தொடங்குகிறது. ‘குடும்பம்’ என்பது ஒரே வீட்டில் வாழ்வோர் என்று எழுதிவிட்டு அடுத்த பிரிவுக்குப் போய்விடுவார்கள். அந்த வரியைச் செட்டிநாட்டு வீடொன்றில் வைத்துப் பாருங்கள். முகப்பும், முற்றத்தைச் சுற்றிய வளவும் ஒன்றுதான். ஆனால் மணமான மகனை அதே வீட்டில் தனிக் குடித்தனமாக வேறு வைத்துவிட்டால் அவனுக்குத் தனி அடுப்பு, தனிக் கணக்கு, கோயில் கணக்கில் தனிக் குடும்பம் என்ற தனிப் புள்ளி. நான்கு அடுப்பு எரியும் வீட்டுக்கு மானியம் ஒன்றா, நான்கா என்று சட்டம் சொல்லாவிட்டால், வட்டாட்சியர் அலுவலகத்து எழுத்தர் சொல்லுவார். அதுவும் ஊருக்கு ஊர் வேறாகச் சொல்லுவார்.

‘என்பது’ என்று எழுதினால் வரையறை சொன்னதோடு மூடிக்கொள்ளும். ‘உள்ளடக்கும்’ என்றால் சொல்லாததற்கும் திறந்திருக்கும். 2017ஆம் ஆண்டு ஜல்லிக்கட்டுத் திருத்தச் சட்டம் இரண்டையும் பயன்படுத்தி, மஞ்சுவிரட்டு, வடமாடு, எருதுவிடும் விழா ஆகியவற்றைப் பெயர் சொல்லியே சேர்த்துக்கொண்டது. அது இல்லாதிருந்தால், மஞ்சுவிரட்டு நடக்கும் சிராவயல் பொட்டலில் கட்டுமாடுகளை (வாடிவாசல் வழியாக அல்லாமல் திடலிலேயே விடப்படும் காளைகளை) அவிழ்த்துவிடுவது ஜல்லிக்கட்டு ஆகுமா என்று வாதிட இடம் கிடைத்திருக்கும்.

இதைவிடப் பெரிய பாடமும் அதே வரலாற்றில் உண்டு. ஜல்லிக்கட்டை ஒழுங்குபடுத்திய 2009ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம், 1960ஆம் ஆண்டின் மத்திய விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு முரணானது என்று 2014இல் உச்ச நீதிமன்றத்தில் வீழ்ந்தது. மத்திய அரசும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் உள்ள பொருளில் அத்தகைய முரண் வருமானால், மாநிலச் சட்டம் நிலைக்க அரசமைப்பின் 254(2) உறுப்பின்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் தேவை. 2017ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் பெற்றது; 2023இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதனை உறுதிசெய்தது. எந்தப் பட்டியல், எந்த மத்தியச் சட்டம் குறுக்கே நிற்கிறது என்ற கேள்வி கோப்பின் முதல் குறிப்பிலேயே இருக்க வேண்டும். அமைச்சர் அவசரப்படுகிறார் என்பது அதைத் தள்ளிப்போடக் காரணமாகாது.

நடை அழகுக்காக ஓரிடத்தில் ‘உரிமம்’, மறு இடத்தில் ‘அனுமதி’, பிறகு ‘இசைவு’ என்று மாற்றி எழுதாதீர்கள். சொல் மாறினால் பொருளும் மாறுகிறது என்றுதான் நீதிமன்றம் கொள்ளும். (பள்ளியில் கட்டுரைப் பரிசு வாங்கியவர்களுக்கு இது சற்றுக் கடினம்.) பழைய சட்டத்தை நீக்கும்போது, அதன்கீழ் நிலுவையில் உள்ள நடவடிக்கைகளுக்கான காப்புப் பிரிவையும் மறக்கக் கூடாது.

என்னுடைய தவறு ஒன்றும் உண்டு. பணியில் சேர்ந்த புதிதில், ஒரு துறைக்காக எழுதிய விதியில் ‘உத்தரவு தேதியிலிருந்து 30 நாட்களுக்குள்’ மேல்முறையீடு செய்யலாம் என்று எழுதினேன். பிள்ளைகளோடு வெளியூரில் வாழ்ந்த மூதாட்டி ஒருவரின் பூட்டிய வீட்டுக் கதவில் உத்தரவை ஒட்டிச் சென்றிருக்கிறார்கள். முன்னோர்க்கான படைப்புக்காக ஊருக்கு வந்து கதவைத் திறக்கப் போனபோதுதான் அவர் அதைக் கண்டார். அதற்குள் கெடு முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பிறகு அந்த விதியைத் திருத்தி, ‘உத்தரவு கிடைத்த தேதியிலிருந்து’ என்று ஆக்கினோம்.