கிரான்ஃபீல்டுக்கு மாஸ்டர்ஸ் போறீங்களா? ரன்வேயையும் சேர்த்துப் படிங்க

ஏரோ படிக்க இங்கிலாந்து கிரான்ஃபீல்டு யுனிவர்சிட்டிக்குப் போற நம்ம பசங்க எல்லாரும் ஃபீஸ், ரூம், பார்ட் டைம் வேலைன்னுதான் கேக்குறாங்க, கேம்பஸை ஒட்டியே ஒரு ஏர்போர்ட் கிடக்குதே அதை எப்படி யூஸ் பண்ணிக்கிறதுன்னு ஒருத்தரும் கேக்கல.

போற வழி ஈஸி. லண்டன் யூஸ்டன்ல ரயில் ஏறி மில்டன் கீன்ஸ் சென்ட்ரல்ல இறங்கி பஸ் பிடிங்க.

போன முதல் வாரமே விமானம் நிறுத்துற பழைய ஹேங்கர் பக்கம் ஒரு நடை நடந்துட்டு வாங்க. 1937ல விமானப்படைத் தளமா ஆரம்பிச்ச இடம், போர் முடிஞ்சு 1946ல இங்கயே ஏரோநாட்டிக்ஸ் காலேஜ் வந்துச்சு, அதுதான் இப்ப யுனிவர்சிட்டி. விமானங்களுக்கு வழி சொல்ற கண்ட்ரோல் டவர் எங்கன்னு தேடுறவங்களுக்கு: 2018லயே கேமரா வச்சு ஸ்க்ரீன்ல பாக்குற டிஜிட்டல் டவர் போட்டுட்டாங்க.

ரன்வே பேரு 03/21. ஒவ்வொரு நம்பருக்கும் கடைசியா ஒரு சைபர் சேத்துக்கோங்க, திசைகாட்டியில 30 டிகிரி, 210 டிகிரி, ரன்வேயோட ரெண்டு திசையும் அதுதான். அங்க பெரும்பாலும் தென்மேற்குலருந்து வர்ற காத்துதான், விமானம் காத்தை எதிர்த்துத்தான் இறங்கும், அதனால 210 டிகிரி திசையைப் பாத்து, அதாவது 21ல இறங்குறதைத்தான் அதிகம் பாப்பீங்க. ரேடியோ வாங்கி பைலட் பேச்சைக் கேக்கலாம்னு மட்டும் கிளம்பிடாதீங்க, அந்த ஊர்ல அது சட்டப்படி தப்பு.

இப்ப மெயின் மேட்டர். யுனிவர்சிட்டிக்குன்னே பறக்கும் லேப் இருக்கு, அதாவது லேபா மாத்தின விமானம், முன்ன ஜெட்ஸ்ட்ரீம், இப்ப சாப் 340. உங்க கோர்ஸ்ல ஃப்ளைட் டெஸ்ட் வந்தா ஃபியூகாய்டுங்கற அசைவைக் கண்டிப்பா காட்டுவாங்க, மூக்கு மெதுவா மேல போகும், வேகம் குறையும், அப்புறம் தானா கீழ வரும், வேகம் ஏறும், திரும்ப மேல, நம்ம ஊர் ஊஞ்சல் மாதிரி. போறதுக்கு முன்னாடியே கணக்குப் போட்டு வச்சிக்கோங்க: ஒரு ஊஞ்சலுக்கு எத்தனை செகண்டுன்னு தெரிய, வேகத்தை 9.81ஆல (புவியீர்ப்பு) வகுத்து 4.44ஆல பெருக்கணும், செகண்டுக்கு 100 மீட்டர்னா சுமாரா 45 செகண்ட் வரும். ஒரு மேட்டுலருந்து அடுத்த மேடு வரைக்கும் ஸ்டாப்வாட்ச்ல எண்ணிப் பாருங்க. கணக்கோட அச்சா ஒத்துப்போகாது, ஏன் போகலன்னு எழுதினாத்தான் ரிப்போர்ட்டுக்கே உயிரு.

காலையில வயிறு முட்ட சாப்பிடாதீங்க, வெறும் வயித்தோடயும் போகாதீங்க, ரெண்டு டோஸ்ட் போதும். நான் முந்தின நாள் மிஞ்சின பிரியாணியைச் சூடு பண்ணி சாப்பிட்டுப் போனேன், மூணாவது ஊஞ்சல்லயே கவரைத் தேட ஆரம்பிச்சிட்டேன், ஸ்டாப்வாட்ச் அது பாட்டுக்கு ஓடிட்டு இருந்துச்சு.