கறவை இயந்திரத்தில் இழுவை குறைந்தால்: பம்பைக் கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டியவை

மியன்மாரில் பகோவைச் சுற்றியுள்ள ஊர்களிலும் யாங்கோன் புறநகரிலும் நான்கைந்து மாடு வைத்துப் பால் ஊற்றும் நம்மவர்களில் சிலர், கறக்க ஆள் கிடைக்காததால், ஒரு வாளி மட்டும் கொண்ட சிறிய கறவை இயந்திரத்தை வாங்கியிருக்கிறார்கள். பாலை உறிஞ்சும் இழுவை குறைந்து, காம்பில் மாட்டும் கிண்ணங்கள் மடியிலிருந்து நழுவத் தொடங்கியதும் எல்லோருக்கும் அந்த இழுவையை உண்டாக்கும் பம்பின் மேல்தான் முதல் சந்தேகம் விழுகிறது. எனக்கும் அப்படித்தான் விழுந்தது. மழைக்காலத்தில் ஒரு நாள் பம்பைப் பட்டறைக்குத் தூக்கிச் சென்று, உள்ளே சுழன்று காற்றை வெளியேற்றும் தகடுகள் முழுவதையும் மாற்றிக் கொண்டுவந்து பூட்டினேன். இழுவை கொஞ்சமும் கூடவில்லை. பால் வாளி மூடியின் ரப்பர் வளையத்தில் நகக்கண் அளவு வெடிப்பு இருந்ததை மறுநாள்தான் கண்டேன். ஆகவே, பழுது எந்தப் பக்கம் இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் யாரும் பம்பைக் கழற்ற வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

முதலில் அழுத்தமானியைப் பாருங்கள். இயந்திரம் ஓடாதபோது முள் பூச்சியத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மானியே பொய் சொல்கிறது. பசுவுக்குப் பொதுவாக 42 முதல் 50 கிலோபாஸ்கல் இழுவை போதும். பாதரச அங்குலக் கணக்கில் இது ஏறத்தாழ 12 முதல் 15 வரை. சீனாவிலிருந்து வரும் இயந்திரங்களின் மானியில் 0.042 முதல் 0.05 மெகாபாஸ்கல் வரை. இதற்குக் கீழே போனால் கறவை நீளும், கிண்ணம் நழுவும். மேலே போனால் காம்பின் நுனி தடித்துப் புண்ணாகும். கறக்கும்போது முள் ஏறி இறங்கி ஆடிக்கொண்டே இருப்பதும் கெடுதல்தான், ஏனெனில் கிண்ணம் நழுவும் நொடியில் உள்ளே பாயும் காற்று பால் துளிகளைக் காம்பின் துளைக்குள் அடித்து, மடிநோய்க்கு வழி திறந்துவிடும்.

இனிப் பிரித்துப் பார்க்கும் முறை. மாட்டிடமிருந்து கிண்ணங்களை எடுத்துவிட்டு, பம்புக்கும் வாளிக்கும் இடையே உள்ள இழுவைத் தொட்டியிலிருந்து வாளிக்குச் செல்லும் குழாயை மடித்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு இயந்திரத்தை ஓடவிடுங்கள். முள் விரைவாக ஏறி வழக்கமான இடத்தில் நின்று, இழுவை மிகாதபடி காற்றை உள்ளே விடும் ரெகுலேட்டரில் காற்று நுழையும் சீற்றமும் கேட்டால், பம்பு, தொட்டி, ரெகுலேட்டர் மூன்றும் நலமாக உள்ளன. பழுது வாளிப் பக்கம்தான். முள் ஏறவில்லை என்றால், ரெகுலேட்டரின் காற்றுத் துளையைப் பத்து நொடிக்கு மிகாமல் விரலால் அடையுங்கள். அப்போது முள் 50ஐத் தாண்டி மேலே ஓடினால் பம்பு நன்றாக இருக்கிறது, ரெகுலேட்டர்தான் திறந்தபடி சிக்கிக்கொண்டிருக்கிறது. அப்போதும் ஏறாவிட்டால் தொட்டியின் அடியில் உள்ள வடிகால் அடைப்பையும், தொட்டிக்கும் பம்புக்கும் இடைப்பட்ட குழாயையும் பார்த்த பிறகே பம்புக்குப் போக வேண்டும். மேமியோ (பின் ஊ லுவின்) மலைப் பக்கம் மாடு வைத்திருப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: 1,000 மீட்டருக்கு மேற்பட்ட அந்த உயரத்தில் காற்றழுத்தமே பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகக் குறைவதால், இந்தச் சோதனையில் நல்ல பம்பும் பகோவில் எட்டும் உச்சத்தை அங்கே எட்டாது.

கசிவைக் கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும். அழுத்தம் உள்ள குழாயில் சோப்பு நுரை குமிழியாக வெளியே வரும். இங்கே இழுவை என்பதால் நுரை உள்ளே உறிஞ்சப்பட்டு மறைந்துவிடும், கவனிக்காதவருக்கு ஒன்றும் தெரியாது. ஊதுவத்திப் புகையே எனக்கு நம்பிக்கையான வழி. மின்விசிறியை நிறுத்தி, பெட்ரோலும் வைக்கோலும் அருகில் இல்லாமல் பார்த்துக்கொண்டு, மூடியின் விளிம்பு, குழாய் செருகும் முனைகள், கிண்ணத்தின் ரப்பரை அமுக்கி விடச் செய்யும் பல்சேட்டரின் அடிப்பகுதி என்று மெதுவாக வத்தியை நகர்த்தினால், கசியும் இடத்தில் புகை வளைந்து உள்ளே போவது கண்ணுக்குத் தெரியும். குழாய் முனை வெடித்திருந்தால் அரை அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி செருகினாலே போதும். கிண்ணத்துக்குள் காம்பைப் பற்றும் ரப்பர் லைனர்களை மட்டும் இழுத்து வளைத்து வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழை வெடிப்பு சும்மா இருக்கும்போது மூடிக்கொண்டு, கறக்கும்போது மட்டும் திறக்கும். லைனரின் ஆயுள் சுமார் 2,500 கறவை. ஐந்து மாட்டை இரண்டு வேளை ஒரே கிண்ணத் தொகுதியால் கறந்தால் நாளுக்குப் பத்து, ஆக 250 நாள். நம் வெயிலிலும் ஈரத்திலும் நான் அத்தனை நாள் காத்திருப்பதில்லை.

பம்பில்தான் பழுது என்று உறுதியானால், அது எண்ணெய் இடும் வகையா, எண்ணெய் வேண்டாத கரித் தகட்டு வகையா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கரித் தகட்டுப் பம்பில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் கரித்தூள் குழம்பாகித் தகடு சிக்கிக்கொள்ளும். எண்ணெய்ப் பம்பிலோ எண்ணெய் குறைந்தால் தகட்டின் விளிம்பில் காற்று தப்பும், உடல் சுடும். பழைய இன்ஜின் எண்ணெயை வடிகட்டி ஊற்றுவது பம்பை அழிக்கும் வழி. நம்மிடம் பம்பு கெடுவதற்கு நான் கண்ட பெரிய காரணம், வாளி நிரம்பியோ லைனர் கிழிந்தோ பால் உள்ளே இழுக்கப்படுவதுதான். அந்தப் பால் புளித்துப் பசையாகித் தகடுகளை அவற்றின் பள்ளத்திலேயே ஒட்டிவிடுகிறது. எண்ணெய் வகைப் பம்பானால், மின் இணைப்பை எடுத்துவிட்டு, ஆறிய பம்பில் மண்ணெண்ணெயும் பம்பு எண்ணெயும் சம அளவு கலந்து சிறிது விட்டு, கப்பியைக் கையால் பலமுறை சுற்றி, அழுக்கை வடித்துவிட்டுப் புதிய எண்ணெய் இடுங்கள். மோட்டாரை ஓட்டி இதைச் செய்யக் கூடாது. மண்ணெண்ணெய் ஆவி தீப்பிடிக்கும்.

பெல்ட் தளர்ந்திருந்தால் இழுத்துக் கட்டுங்கள்.

மின்சாரத்தையும் பம்புப் பழுதாக எண்ணிவிடுகிறோம். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வந்தால் மோட்டார் முனகும், சுடும், வேகம் பிடிக்காது; நீளமான மெல்லிய கம்பியில் இணைத்தாலும் இதே கதை. பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பம்பைக் கையால் சுற்றிப் பாருங்கள். பம்பு இலகுவாகச் சுற்றி, மோட்டார் தனியாகவும் முனகினால், கோளாறு கெப்பாசிட்டரிலோ மின் வரத்திலோ இருக்கிறது. கறவையின் நடுவே கரண்ட் போனால் உடனே சுவிட்சை அணைத்து, குழாயைத் திறந்து காற்றை உள்ளே விட்டு, கிண்ணங்களைக் கையில் தாங்கி எடுங்கள். காற்று விடாமல் நின்ற பம்பு, தொட்டியின் இழுவையால் பின்னோக்கிச் சுழன்று தகடுகளை உடைத்துக்கொள்ளக்கூடும். கரண்ட் திரும்பியதும் இழுவைக்கு எதிராகவே மோட்டார் கிளம்பவும் நேரும்.

பழுது நீக்கிய பின் உடனே மாட்டிடம் போகாமல், நான்கு கிண்ணத்தில் மூன்றை அடைத்து, நாலாவதில் கட்டைவிரலை நுழைத்துப் பாருங்கள். நிமிடத்துக்குச் சுமார் 60 முறை லைனர் விரலை அமுக்கி விட வேண்டும். அமுக்காமல் இழுத்துக்கொண்டே இருந்தால் பல்சேட்டரின் காற்றுத் துளையில் தூசி அடைத்திருக்கிறது. அதைத் துடைத்த பிறகே மாட்டிடம் கொண்டுசெல்லுங்கள்.