முதிரையில் திருகாணி அடிக்கும் முன்

வன்னிக் காட்டு முதிரை மரத்தில் கதவு, யன்னல் செய்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள். காய்ந்த முதிரை ஒரு கன அடி 25 கிலோவுக்கு மேல் நிற்கும், தேக்கு கிட்டத்தட்ட 18 கிலோதான். அந்த அடர்த்திதான் அதன் பலம், வேலை செய்யும்போது அதுவேதான் தொல்லையும். துளை போடாமல் நேரே ஆணி அடித்தால் ஆணி வளையும், ஓரமாக இருந்தால் பலகை பிளக்கும். திருகாணியின் தண்டை விடக் கொஞ்சம் சிறிய துளையை முதலில் போட்டுவிட்டு, திருகாணியின் மரையில் (சுருள் வரியில்) மெழுகோ காய்ந்த சவர்க்காரமோ தேய்த்து மெதுவாக முறுக்குங்கள், இல்லையென்றால் பித்தளைத் திருகாணி பாதியில் தலை முறிந்து உள்ளேயே நின்றுவிடும், அதை வெளியே எடுப்பது பெரும்பாடு.

இழைக்கும்போது, மரத்தின் நார் இழை மாறி மாறி ஓடுவதால் சில இடத்தில் பிய்யும். இழைப்புளியைக் கூராகத் தீட்டி, மெல்லிசாகச் சீவினால் சரி. அதே இழைதான் பிறகு பொன் மஞ்சளில் பட்டு மாதிரி அலை அலையாக மினுங்கும், அந்த அழகை அடர் நிற வார்னிஷ் பூசி மூடாதீர்கள், நிறமில்லாததே போதும்.

அப்புறம் முக்கியமான ஒன்று, முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் கடும் அரிப்பையும் தடிப்பையும் கொண்டுவரும். முகக்கவசம், முழுக்கைச் சட்டை இல்லாமல் அரத்தாள் போட வேண்டாம். வேலை முடிந்ததும் குளித்துவிட்டு, போட்டிருந்த உடுப்பைத் தனியாகத் துவையுங்கள்.