ஆச்சியிடம் கேட்டுவிட்டு எடுங்கள்: பொது இடத்தில் பிள்ளைகளின் கேண்டிட் படங்கள்

என் ஸ்டுடியோவுக்கு வேலை பழக வருகிற பையன்கள், தெருவில் பிள்ளைகளைக் கேண்டிட் (போஸ் கொடுக்காத இயல்பான படம்) எடுக்க, தூரத்திலிருந்தே இழுத்துக் காட்டும் 70-200 லென்ஸ் வாங்கலாமா என்றுதான் முதலில் கேட்பார்கள். வேண்டாம் என்பேன். ரத வீதியில் ஒரு ஓரமாக நின்றுகொண்டு, எதிர்வாடையில் விளையாடுகிற பிள்ளையை அந்த நீளக் குழாயால் குறிபார்க்கிறவனை யாரும் போட்டோகிராபர் என்று நினைக்க மாட்டார்கள். "ஏல, யாருல நீ?" என்று நாலு பேர் வந்துவிடுவார்கள். வருவதும் நியாயம்தான். 2018-ல் பிள்ளை பிடிக்கிற கும்பல் என்று வாட்ஸ்அப்பில் புரளி பரவியபோது, திருவண்ணாமலை மாவட்டத்தில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியைக் கூட்டம் அடித்தே கொன்றது. அதனால் மிட்டாய், பலூன் கொடுத்துப் பிள்ளைகளைப் பழக்கம் பிடிக்கிற வேலையே வேண்டாம்.

ஒளிந்து எடுத்தால்தான் இயல்பாக வரும் என்பது தப்புக் கணக்கு. பிள்ளைகள் உங்களை நன்றாகப் பார்த்து, அலுத்துப்போய், "இந்த ஆளு இங்கதான் நிக்கான்" என்று விட்டுவிட வேண்டும். இயல்பான படம் அதற்கப்புறம்தான் கிடைக்கும். ஆக, கேமராவைப் பைக்குள் மறைக்காமல் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு போங்கள். ஒரு டீ குடியுங்கள். பிள்ளையோடு வந்த பெரியவர் யார் என்று பாருங்கள். நம் திருநெல்வேலிப் பக்கம் அது பெரும்பாலும் ஒரு ஆச்சியாக, அதாவது பாட்டியாக இருக்கும்.

"ஆச்சி, பேத்தி வெளையாடுறத ரெண்டு படம் எடுத்துக்கிடட்டா? பாளையங்கோட்டையில ஸ்டுடியோ வச்சிருக்கேன்."

"எதுக்குய்யா, பேப்பர்ல போடவா?"

"இல்ல ஆச்சி, என் ஆசைக்குத்தான். பிரிண்ட் போட்டுக் கொண்டாந்து தாரேன்."

இவ்வளவுதான் பேச்சு. கூடவே விசிட்டிங் கார்டு ஒன்றைக் கையில் கொடுத்துவிடுவேன். இன்ஸ்டாகிராமில் போடுகிற எண்ணம் இருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்; படம் எடுக்கக் கிடைத்த சம்மதம் ஊருக்குக் காட்டக் கிடைத்த சம்மதம் ஆகாது. ஆச்சி சரி சொல்லியும் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டால் எடுக்காதீர்கள். கூட வந்த பெரியவர் கண்ணில் படவே இல்லை என்றால், எவ்வளவு நல்ல வெளிச்சம் இருந்தாலும் அந்தப் படத்தை விட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள்.

சம்மதம் கிடைத்ததும் இன்னொரு சிக்கல் வரும். கேமராவைப் பார்த்ததுமே நம் பிள்ளைகள் ரெண்டு விரலை நீட்டி, பல்லைக் காட்டி, விறைத்து நிற்பார்கள். "அப்படி நிக்காத, சும்மா வெளையாடு" என்று சொல்லிப் பிரயோஜனமில்லை. சொன்னால் விளையாடுகிற மாதிரி நடிப்பார்கள். அந்தப் போஸையே ஆசை தீர எடுத்து, ஸ்கிரீனில் காட்டுங்கள். சிரித்து, ஒருத்தர் மண்டையை ஒருத்தர் தட்டி, "ஏட்டி, உன் மூஞ்சியப் பாரு" என்று அவர்களுக்குள் பேச ஆரம்பித்ததும் நீங்கள் அங்கே இருப்பது பாதி மறந்துபோகும். காட்டிவிட்டு நிமிர்கிற அந்த நொடியிலேயே கேமரா தயாராக இருக்கட்டும். மிச்சப் பாதியும் மறக்க, தரையில் உட்கார்ந்துவிடுங்கள். பெரியவர் நின்ற உயரத்திலிருந்து எடுத்தால் உச்சந்தலையும் குட்டிக் காலும்தான் விழும். முதுகு வலிக்கிறவர்கள் திருப்பக்கூடிய ஸ்கிரீனை விரித்து, கேமராவை இடுப்பளவில் பிடித்துக்கொள்ளலாம்.

லென்ஸ் 35 அல்லது 50 எம்.எம். போதும். 50 எம்.எம். எஃப்/1.8 (லென்ஸின் வாய் திறக்கும் அளவு; எண் சிறிதானால் வாய் பெரிது) விலை குறைவு, வேலைக்கும் நல்லது. ஆனால் கிட்டத்தில் 1.8-லேயே வைத்து எடுத்தால் ஒரு கண் தெளிவாகவும் மறுகண் மங்கலாகவும் வரும்; 2.8-க்கு வந்துவிடுங்கள். ஷட்டர் வேகம், உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு 1/200 வினாடி, ஓடுகிற பிள்ளைக்கு 1/500, குதிக்கிறதுகளுக்கு 1/1000. ஐஎஸ்ஓவை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டும் அளவு) ஆட்டோவில் போட்டு 6400-ல் உச்சவரம்பு வைத்துவிட்டு மறந்துவிடலாம். ஃபோகஸ் தொடர்ந்து பின்தொடரும் முறையில், கண்ணைப் பிடிக்கும்படி இருக்கட்டும்.

கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டியது நிறம். மாநிறமோ கறுப்போ உள்ள பிள்ளை வெள்ளைச் சுவருக்கோ வானத்துக்கோ முன்னால் நின்றால், கேமரா அந்த வெள்ளையைப் பார்த்து ஏமாந்து முகத்தை இருட்டடித்துவிடும். அங்கே எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்சத்தை, ஒரு முக்கால் ஸ்டாப் கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு). அதே முகம் பிரேமை நிறைத்தால் கதை தலைகீழ்: கேமரா தேவையில்லாமல் வெளுக்கவைக்கும், கால் ஸ்டாப் குறைக்க வேண்டும். செல்போனில் முகத்தைத் தொட்டுவிட்டு, பக்கத்தில் வரும் சூரியன் படத்தை விரலால் ஏற்றி இறக்கினால் இதே காரியம் நடக்கும். பியூட்டி மோடை அணைத்துவிடுங்கள். "கொஞ்சம் வெள்ளையாக்கித் தாங்க அண்ணாச்சி" என்று காதுகுத்து வீட்டில் கேட்கிறவர்கள் உண்டு. தெருப் படத்தில் அந்த வேலையை நான் செய்வதில்லை. பிள்ளை என்ன நிறமோ அந்த நிறம்.

இடம், காலம் பார்த்துப் போனால் பாதி வேலை முடிந்தது. நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்தை விடாதீர்கள். அந்த நாட்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற தென்மேற்குக் காற்று மேகத்தை ஓட்டிக்கொண்டே இருக்கும். வெயில் வந்து வந்து மறையும், மேகம் மூடிய நேரத்து மெத்தென்ற வெளிச்சத்துக்கு முகம் அருமையாக வரும். அப்பா தோளில் உட்கார்ந்து தேர் பார்க்கிற பிள்ளைகள் இருக்கிறார்களே, அவர்கள் முகம் உங்கள் கண்ணைவிட உயரத்தில், கூட்டத்துக்கு மேலே, பின்னணியில் வானத்தோடு இருக்கும். தேருக்கு முதுகைக் காட்டி நின்று அவர்களைப் பாருங்கள். சம்மதமும் சுலபம், கேட்க வேண்டிய ஆள் பிள்ளைக்கு நேர் கீழேயே நிற்கிறார்.

குலசேகரன்பட்டினம் தசராவில் காளி, குரங்கு, போலீஸ் என்று வேஷம் கட்டிய பிள்ளைகளை எல்லோரும் ஊர்வலத்தில்தான் எடுப்பார்கள். எனக்கு முகத்துக்குச் சாயம் பூசும் நேரம்தான் பிடிக்கும். கண்ணை மூடச் சொன்னால் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்க்கிற பிள்ளையை அங்கேதான் பிடிக்க முடியும். விரதமிருந்து கட்டுகிற வேஷம் என்பதால் தசரா செட் என்கிற வேஷக் குழுக்காரர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். ராத்திரி சீரியல் செட் விளக்குக்குக் கீழே எலக்ட்ரானிக் ஷட்டர் (திரை அசையாமல் சென்சாரே வரிவரியாகப் படிக்கும் முறை) போட்டால் படத்தில் வரிவரியாகக் கோடு விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் வினாடிக்கு 100 தடவை துடிக்கும். மெக்கானிக்கல் ஷட்டரில் 1/100 அல்லது 1/50 வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

கோடை லீவில் திசையன்விளை, உடன்குடிப் பக்கம் பனங்காட்டு ஊர்களில் நுங்கு வண்டி உருட்டுகிற பிள்ளைகள் அகப்படுவார்கள். ஒரே பாதையில் போய்ப் போய் வருவார்கள் என்பதால் துரத்த வேண்டாம். திரும்புகிற முனையில் உட்கார்ந்தால் போதும். பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை நம் வெயில் கண்குழியில் கறுப்பு அடித்துவிடும். அப்போது எடுத்தே தீர வேண்டுமென்றால் ஓலைப் பந்தலின் விளிம்பு, கோயில் மண்டபத்தின் முதல் தூண் வரிசை என்று நிழல் தொடங்குகிற இடத்தைப் பிடியுங்கள்.

தாமிரபரணியின் குறுக்குத்துறைப் படித்துறையிலும் குற்றாலத்திலும் குளிக்கிற பிள்ளைகளை நான் எடுப்பதில்லை. யார் சம்மதித்தாலும் இல்லை. தலை துவட்டி, சட்டை போட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம். அழுகிற பிள்ளை, அடி வாங்குகிற பிள்ளை, இதுவும் வேண்டாம். கையேந்துகிற பிள்ளை, டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற பிள்ளை விஷயத்தில் சட்டமே குறுக்கே நிற்கிறது: 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் இவர்கள் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகள், அடையாளம் தெரியும்படி படத்தை வெளியிடுவது 74-வது பிரிவில் குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த இடத்தில் கேமராவை இறக்கிவிட்டு, குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் போடுங்கள்.

வெளியே போடுகிற படத்தில் பெயர் வேண்டாம், ஸ்கூல் பேட்ஜ் தெரிய வேண்டாம், லொகேஷனை அணைத்துவிடுங்கள். யாராவது அழிக்கச் சொன்னால் அவர்கள் கண் முன்னாலேயே அழியுங்கள்; செல்போனில் எடுத்திருந்தால் குப்பைத்தொட்டி ஃபோல்டரிலிருந்தும்.

பிரிண்ட் மேக்ஸி சைஸ் (4x6 இஞ்ச்) போதும். அடுத்த வாரமே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள், பிள்ளைகள் வளர்ந்துவிடும். ஆச்சி வீட்டில் இல்லையென்றால் பக்கத்துக் கடையில் கொடுக்கலாம், ஆனால் கவரை ஒட்டிக் கொடுங்கள்.